அசையாத வண்டியும் ஓமின் விதியும்

பெற்றோல் எஞ்சினாயினும் டீசல் எஞ்சினாயினும் தன் முதற் சுற்றைத் தானே சுற்றும் ஆற்றல் அதற்கில்லை. முசலம் காற்றை உள்ளிழுத்து நெருக்கிய பின்னரன்றோ எரிபொருள் எரிந்து விசை பிறக்கும்? ஆதலின் அம்முதற் சுழற்சியைப் புறத்தேயுள்ள பிறிதொன்று அளித்தல் வேண்டும். முன்னாளில் இரும்புக் கைப்பிடியைச் செருகி மனிதரே அதனைச் சுழற்றினர். அமெரிக்கப் பொறியியலாளர் சாள்ஸ் கெற்றரிங் ஆக்கிய மின்தொடக்கி 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிகளிற் பொருத்தப்பட்டது. அதன் பின்னர் அவ்வேலை மெல்ல மெல்லப் பற்றரிக்கும் ஸ்ராட்டர் மோட்டருக்கும் உரியதாயிற்று.

எனவே, ‘வண்டி ஸ்ராட் ஆகவில்லை’ என நாம் கூறுவது இருவேறு நோய்களுக்கு ஒரு பெயரிட்டு வழங்குவதேயாம். சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலாமை ஒன்று. சுழன்றும் பற்றாமை மற்றொன்று. முன்னையது பெரும்பாலும் மின்சுற்றின் குறை. பின்னையது டீசல் வண்டிகளிற் பெரும்பாலும் எரிபொருள் வழியின் குறை. குழாயிற் காற்றுப் புகுந்திருத்தல், வடிகட்டி அடைபட்டிருத்தல் போல்வன. இவ்வேறுபாட்டை அறியாது, சுழலாத எஞ்சினுக்கு வடிகட்டியை மாற்றுவாரும் உளர். விடியுமுன் வெங்காய மூடைகளை ஏற்றிச் சுன்னாகச் சந்தைக்குப் புறப்பட நிற்கும் பிக்கப் வண்டிக்காரருக்கு இஃது ஏட்டு விவகாரமன்று. சந்தை கலைந்த பின் சேரும் மூடை நல்ல விலை போகாது. வேண்டாத பற்றரிக்குக் கொடுத்த பணமும் மீளாது. ஈண்டு சுழலாமை ஒன்றனையே விரித்து நோக்குவாம்.

‘விளக்கு எரிகின்றது, ஆகவே பற்றரி பழுதில்லை, இணைப்பும் பழுதில்லை’ என்பது வீதியோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் அனுமானம். அது போலி அனுமானம். முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து கொள்ளும் மின்னோட்டம் ஏறத்தாழ 9 அம்பியர். டீசல் எஞ்சினைச் சுழற்றும் ஸ்ராட்டரோ 200 அம்பியரும் அதற்கு மேலும் வேண்டி நிற்கும். பற்றரி முனையில் வெண்மையாகவும் நீலப்பச்சையாகவும் பூத்திருக்கும் உப்பு 0.02 ஓம் தடையை விளைத்ததெனக் கொள்வோம். மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்கின் அவ்விடத்து இழக்கப்படும் அழுத்தம் பெறப்படும் என்பதை நம் கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். விளக்கிற்கு இழப்பு 0.18 உவோற்று; அது கண்ணுக்குப் புலனாகாது. 200 அம்பியருக்கோ இழப்பு 4 உவோற்று! (மின்னோட்டமும் உடன் குறைதலால் மெய்யான இழப்பு இதனிற் சற்றுக் குறையும், ஆயினும் எஞ்சின் சுழலப் போவதில்லை.) வெந்நீரும் கம்பித் தூரிகையும் தீர்த்து வைக்கும் இக்குறைக்காகப் புதுப் பற்றரி வாங்கினோர் எத்தனை பேர்!

எனினும் விளக்கை முற்றாக இகழவும் வேண்டா. அதனை எரியவிட்டுச் சாவியைத் திருப்புக. ஒளி அறவே மங்கின் பற்றரி வலுவிழந்திருத்தல் வேண்டும், அன்றேல் அதன் முனையிணைப்புப் பழுதாயிருத்தல் வேண்டும். எஞ்சின் தானே இறுகியிருப்பினும் ஒளி மங்கும். ஒளி சிறிதும் மாறாதிருப்பின் மின்னோட்டம் ஸ்ராட்டரைச் சென்றடையவில்லை என்பது துணிபு.

செவிக்கும் இங்கு வேலையுண்டு. ‘டிக் டிக் டிக்’ என விரைந்தெழும் ஒலி, ஸ்ராட்டரின் மேலுள்ள வரிச்சுருள் ஆளி ஒட்டியும் விட்டும் துடிப்பதாலாயது. ஆளி மூடியதும் ஸ்ராட்டர் பெருமின்னோட்டத்தை இழுக்க, அழுத்தம் வீழ்ந்து ஆளி விடுபடும். விடுபட்டதும் அழுத்தம் மீள, மறுபடியும் மூடும். இதற்கும் பற்றரியையும் இணைப்பையுமே ஐயுறல் வேண்டும். ‘டக்’ என ஒருமுறை மட்டும் ஒலித்து அடங்கின், அவ்வாளியினுள்ளிருக்கும் செப்புத் தொடுகைகள் தேய்ந்திருத்தல் கூடும். பழைய ஹைலக்ஸ் வண்டிகளில் இது பலரும் அறிந்த குறை. முழு ஸ்ராட்டரையும் மாற்றாமல் அத்தொடுகைகளை மட்டும் மாற்றுவித்தலே சிக்கனம்.

ஐயத்தை அறவே போக்குவது அளவீடு. முழு மின்னேற்றமுள்ள பற்றரி ஓய்விலிருக்கையிற் பல்மானி ஏறத்தாழ 12.6 உவோற்றுக் காட்டும்; 12.0 எனின் மின்னேற்றம் பெரிதும் வற்றிவிட்டது. ஆனால் ஓய்விலுள்ள பற்றரியை அளத்தல், உறங்குபவனைக் கண்டு அவன் சுமை தூக்குவான் எனத் தீர்மானித்தலை ஒக்கும். ஒருவர் சாவியைத் திருப்ப மற்றவர் அளத்தல் வேண்டும். அப்போது 9.6 உவோற்றிற்குக் கீழே வீழ்ந்தாற் பற்றரியைச் சோதிப்பிக்க. வீழாதிருக்கவும் எஞ்சின் சுழலாவிடின், பற்றரியின் எதிர்முனைக்கும் எஞ்சினின் உலோகத்திற்கும் இடையே அளக்க. அங்கு அரை உவோற்று அல்லது அதற்கு மேல் தோன்றின், குற்றவாளி எஞ்சினுடன் பிணைக்கப்பட்ட மின்வடமே. பலரும் நோக்க மறப்பது இதனையே.

யாதோர் ஒலியும் எழாவிடிற் கிளச்சு மிதியின் ஆளியையும் சாவியின் ஆளியையும் உருகியையும் நோக்குக. தன்னியக்கக் கியர் வண்டியாயின் நெம்பைப் பொது நிலைக்கு மாற்றியும் முயல்க. திருப்புளியால் ஸ்ராட்டரின் முனைகளைக் குறுக்கிட்டுத் தொடுக்கும் வழக்கம் மட்டும் ஆகாது. கியரில் நிற்கும் வண்டி உடனே பாய்ந்து, தொட்டவர் மேலேயே ஏறக்கூடும்.

பிற வண்டியின் பற்றரியிலிருந்து மின்பெறுங்கால், இறுதியாக இணைக்கப்படும் எதிர்வடத்தைப் பழுதான பற்றரியிற் கொளுவாது, அதற்குச் சற்று அப்பாலுள்ள எஞ்சின் உலோகத்திற் கொளுவுக. பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிப்படுதல் கூடும். இணைக்கும்போது தெறிக்கும் சிறு தீப்பொறியே அதனை வெடிக்கச் செய்யப் போதுமானது.