மேடைப் பாடகரின் தேதிக் கணக்கு

“கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்” என்பது பழமொழி. பகலெல்லாம் உழைப்பவனுக்கு ஞாயிறு மேற்கே சாய்ந்தால் வேலை முடிந்தது. இரவெல்லாம் ஆடிப் பாடுபவனுக்குக் கிழக்கு வெளுத்தால் வேலை முடிந்தது. இருவரையும் ஒரே வரியில் நிறுத்திய நம் முன்னோர், கூத்தும் ஓர் உழைப்பே, அதற்கும் கூலி உண்டு என்பதை நன்கு அறிந்திருந்தனர். ஆயினும் இருவருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கூலிக்காரன் மறுநாட் காலையிலும் அதே களத்துக்குப் போவான். கூத்தாடிக்கோ மறுநாள் எந்த ஊர் என்பது மட்டுமன்று, மறுநாள் ஊர் ஒன்று உண்டா என்பதே கேள்வி.

ஆகவே மேடையில் பாடிப் பிழைப்பவருக்குக் குரலுக்கு அடுத்த மூலதனம் தேதி. இன்ன நாளில் இன்ன இடத்தில் பாடுவதாக ஒப்புக்கொள்வதைத் ‘தேதி கொடுத்தல்’ என்பர். சிங்கப்பூரில் இன்று இசைநாடகத்தில் நடித்தும், திருமணங்களிலும் விழாக்களிலும் பாடியும் வாழும் கலைஞர் ஒருவரின் நாட்காட்டியை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், தேதி என்னும் இந்தச் சரக்கு முன்பு எவ்வாறு விலைபோயிற்று என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒத்திகை இல்லாத நாடகம்

தமிழ்நாட்டில் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் முதலிய ஊர்களை மையமாகக்கொண்டு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற ஒரு முறை வளர்ந்தது. இதில் நிலையான குழு என்று ஒன்று கிடையாது. கோயில் திருவிழாவுக்கு நாடகம் வைக்க விரும்பும் ஊரார், ஏஜெண்டு மூலமாகவோ நேராகவோ நடிகர்களைத் தனித்தனியே அமர்த்துவர். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் வருவர். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அவ்வாறே. இரவு பத்து மணியளவில் நாடகம் தொடங்கும். மேடையேறுவதற்குச் சற்று முன்புதான் சிலர் ஒருவரையொருவர் சந்திப்பர். ஒத்திகை என்பதே இல்லை. ஆயினும் விடியும்வரை நாடகம் தடையின்றி நடக்கும்.

இஃது எப்படி இயன்றது? விடை தவத்திரு சங்கரதாச சுவாமிகளிடம் இருக்கிறது. 1867 முதல் 1922 வரை வாழ்ந்த சுவாமிகள், ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’ முதலிய நாடகங்களைப் பாட்டும் உரையாடலுமாக எழுதி வைத்தார். சிறுவர்களைக் கொண்ட குழுக்களுக்கு ஆசிரியராக இருந்து அவற்றைப் பயிற்றினார். 1918-இல் மதுரையில் அமைந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தனர். இளமையில் மனப்பாடமான அந்தப் பாடம் நடிகர் உலகின் பொதுச் சொத்தாயிற்று. ‘வள்ளி திருமணம்’ என்று சொன்னால் போதும். நாரதர் எங்கே நுழைவார், வள்ளியோடு எங்கே தர்க்கம் செய்வார் என்பதை எல்லாரும் அறிவர்.

இதன் பொருளாதார உட்பொருளைக் கவனிக்க வேண்டும். ஒத்திகைக்கான உழைப்பு வாழ்நாளில் ஒருமுறை, பயிலும் பருவத்தில் செலவழிந்துவிட்டது. அதற்குப் பின் கொடுக்கும் ஒவ்வொரு தேதியும் கூலி தரும் தேதியே. பங்குனி, சித்திரை போன்ற திருவிழா மாதங்களில் அடுத்தடுத்த இரவுகளில் மேடையேறிய நடிகர், காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டு, நாடகமில்லாத மாதங்களை அந்த வருவாயைக் கொண்டே ஓட்டினார்.

கடல் கடந்த மேடை

இந்தத் தேதிகள் தமிழ்நாட்டோடு நின்றுவிடவில்லை. இசைநாடக உலகின் இணையற்ற இருவரான எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920-களில் இணைந்து நடிக்கத் தொடங்கியது கொழும்பு மேடையில்தான். கிழக்கே மலாயாவிலும் ஏறத்தாழ இதே அமைப்புடைய ஒரு கலை செழித்தது. 1870-களில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து மலாய் மொழியில் எழுந்த அக்கலைக்குப் பங்சாவான் என்று பெயர். அங்கும் பாடத் தெரிந்த கதாநாயகி உண்டு. அவளை ‘ஸ்ரீ பங்கோங்’ என்பர். ராஜபார்ட்டுக்கு ஈடாக ‘ஓராங் மூடா’ உண்டு. பபூனுக்கு ஈடான கோமாளியும் உண்டு. எழுதிய வசனமின்றி, எல்லாரும் அறிந்த கதையை வைத்து அவ்வப்போது பேசி நடித்தனர். காட்சிக்கும் காட்சிக்கும் இடையே திரைக்கு முன் நின்று பாடும் தனிப்பாட்டுக்கு ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ என்று பெயர். நாடகக் கலைஞர் தனிப்பாடகராகவும் பொருள் ஈட்டலாம் என்பதற்கு அஃது ஒரு நல்ல முன்மாதிரி.

சிங்கப்பூரில் பங்சாவான் புகழோடு நடந்த இடங்களுள் ஒன்று ‘நியூ வோர்ல்ட்’ கேளிக்கைப் பூங்கா. சிராங்கூன் சாலையின் தமிழ்க் கடைகளிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், கிச்சனர் சாலையில், 1923-இல் அது திறக்கப்பட்டது. ‘கிரேட் வோர்ல்ட்’ 1931-இலும், ‘ஹேப்பி வோர்ல்ட்’ 1937-இலும் தோன்றின. ஒரே வாயிலுக்குள் பல மேடைகள். ஒரு மேடையில் மலாய் நாடகம், மற்றொன்றில் சீன இசைநாடகம், வேறொன்றில் ஆடல். நாள்தோறும் கதவு திறந்திருந்தமையால் கலைஞருக்கும் நாள்தோறும் வேலை இருந்தது. பின்னர்த் திரைப்படமும் தொலைக்காட்சியும் கூட்டத்தை இழுத்துக்கொள்ள, அவ்வேலை தேய்ந்தது. நியூ வோர்ல்ட் 1987-இல் மூடப்பட்டது. இன்று ‘சிட்டி ஸ்குவேர்’ கடைத்தொகுதி நிற்கும் அவ்விடத்தில் பழைய வாயிலை மட்டும் நினைவாக வைத்திருக்கின்றனர்.

அந்தப் பூங்காக்களில் பிறந்த ஒரு வழக்கம் மட்டும் இன்னும் உயிரோடிருக்கிறது. சீனர்களின் ஏழாம் மாதத்தில் வீடமைப்புப் பேட்டைகளில் நடைபெறும் ‘கெத்தாய்’ பாட்டு மேடையே அது. அம்மாதத்தில் ஒரு பாடகர் ஒரே இரவில் பல மேடைகளுக்கு விரைந்து பாடுவது உண்டு. அங்கும் பொதுச் சொத்தான பாட்டுகளே கைகொடுக்கின்றன.

இன்றைய நாட்காட்டி

இனி இன்றைய சிங்கப்பூர்த் தமிழ் மேடைப் பாடகரின் நாட்காட்டிக்கு வருவோம். அதிலுள்ள தேதிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கோயிலும் திருவிழாவும். தைப் பொங்கல், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா, நவராத்திரி, தீபாவளி ஆகியவை பருவங்கள். நவராத்திரியின்போது சிராங்கூன் சாலைக் கோயில்களிலும், டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலும் மாலைதோறும் கலை நிகழ்ச்சிகள் உண்டு. நவம்பரில் எஸ்பிளனேட் கலையரங்கின் ‘கலா உற்சவம்’ வரும்.

இரண்டாவது, திருமணமும் விருந்தும். நல்ல ஊதியம் பெரும்பாலும் இங்கேதான். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் இத்தேதிகள் அருகிவிடும்.

மூன்றாவது, பாட்டு கற்பித்தலும் ஒலிப்பதிவும். வருவாய் சிறிது, ஆயினும் மாதந்தோறும் வருவது.

நான்காவது, இசைநாடகம். 1988-இல் தோன்றிய ரவீந்திரன் நாடகக் குழு போன்ற தமிழ்க் குழுக்கள் ஒருபுறம். அதே 1988-இல் மேடையேறிய ‘பியூட்டி வோர்ல்ட்’ தொடங்கி வளர்ந்த ஆங்கில இசைநாடகங்கள் மறுபுறம். பெயரும் புகழும் இதில்தான். ஆனால் தேதியை மிகுதியாக விழுங்குவதும் இதுவே. ஏனெனில் புதிய நாடகம் ஒவ்வொன்றுக்கும் கதை புதிது, பாட்டுப் புதிது, ஆட்டம் புதிது; ஒத்திகையின்றி எதுவும் நடவாது.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவையே. ஓர் இசைநாடகத்துக்கு 26 மாலை ஒத்திகை, 4 மாலை அரங்கேற்றம், மொத்த ஊதியம் 1,800 வெள்ளி என்று கொள்வோம். 30 மாலைகளுக்குப் பகிர்ந்தால் மாலைக்கு 60 வெள்ளி. திருமண விருந்தில் ஒரு மாலைக்கு 300 வெள்ளி கிடைக்குமாயின், அதே 1,800 வெள்ளி ஆறே மாலைகளில் வந்துவிடும். நாடகத்துக்குத் தேதி கொடுத்த கலைஞர், கைவிட்ட விருந்துகளின் ஊதியத்தையும் சேர்த்தே இழக்கிறார். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது நான்கு மாலை, தெரியாதது இருபத்தாறு.

பழைய ஸ்பெஷல் நாடக நடிகருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இப்போது தெளிவாகும். அவர் ஒருமுறை பயின்றதைப் பல்லாண்டு அறுவடை செய்தார். இவரோ நான்கு நாள் அறுவடைக்காக ஒவ்வொரு முறையும் காடு திருத்துகிறார்.

இதற்கு மருந்து உண்டா? ஒன்று, ஒத்திகைக்கும் தனியே ஊதியம் பேசுதல். மற்றொன்று, மேடையேறிய நல்ல நாடகத்தை மீண்டும் மேடையேற்றுதல். மேற்சொன்ன நாடகமே ஆறு மாதம் கழித்து மறுபடி நடந்தால், நினைவு புதுக்க 4 மாலை, அரங்கேற்றம் 4 மாலை. ஆக 8 மாலைகள் போதும். பாதி ஊதியமே, அதாவது 900 வெள்ளியே, கிடைத்தாலும் மாலைக்கு 112 வெள்ளிக்கு மேல் ஆகிறது. ஏறத்தாழ இருமடங்கு! புதுமை ஒன்றையே விரும்பிப் பழைய நாடகத்தைப் பார்க்க மறுக்கும் ரசிகர், கலைஞரின் கூலியைத் தம்மை அறியாமலே குறைக்கிறார்.

தேதி தவறினால்

1933-இல் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது 27. நோயுற்ற கலைஞருக்குத் தேதி இல்லை. தேதி இல்லாவிடில் கூலி இல்லை என்ற நிலை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொள்ளை நோயால் சிங்கப்பூர் முடங்கியபோது அரங்கும் மண்டபமும் ஒருங்கே அடைபட்டன. நான்கு வகைத் தேதிகளுள் இணையவழிக் கற்பித்தல் ஒன்றே எஞ்சிற்று. தகுதி பெற்ற சுயதொழில் செய்வோர்க்கு அரசு அவ்வாண்டு மூன்று தவணைகளாக 9,000 வெள்ளி வழங்கியது பேருதவி.

ஆனால் உதவி வரும்வரை காத்திராமல் அறிந்து வைக்க வேண்டியவை சில உண்டு. சுயதொழில் செய்பவருக்கு மத்திய சேமநிதியில் முதலாளியின் பங்கு கிடையாது. ஆண்டு நிகர வருவாய் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கணக்கில் மட்டும் கட்டாயமாகச் செலுத்த வேண்டும். முதுமைக்கான சேமிப்பு அவரவர் பொறுப்பு. வேலை, நாள், ஊதியம், பணம் தரும் கெடு ஆகியவற்றை எழுத்தில் வைக்க வேண்டும் என்பதை 2018-இல் வெளியான முத்தரப்புத் தர அளவுகள் வலியுறுத்துகின்றன. பேசிய பணம் வராவிடில், 20,000 வெள்ளி வரையிலான வழக்கை இரண்டாண்டுக்குள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞரின்றித் தாமே தொடுக்கலாம். 2021-இன் பதிப்புரிமைச் சட்டம், பாடியவர் தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் அளித்துள்ளது. பழைய நாடக நோட்டீசில் பபூன் பெயர்கூட அச்சாகி வந்ததே, அந்த மதிப்பு இன்று சட்டமாகியிருக்கிறது.

திருமணத்துக்கோ கோயிலுக்கோ ஒரு பாடகரை அழைப்பவர் அவரிடமிருந்து வாங்குவது நான்கு பாட்டு மட்டுமன்று, ஒரு தேதி. மூன்று நாளுக்கு முன் “நிகழ்ச்சி இல்லை” என்று சொன்னால், அந்தத் தேதியை அவர் வேறு எவருக்கும் விற்க முடியாது. முன்பணம் கொடுப்பதும், சொன்ன நாளைக் காப்பதும், முடிந்த இரவே கணக்கைத் தீர்ப்பதும் கலைக்குச் செய்யும் தருமமல்ல. வாங்கிய சரக்குக்குக் கொடுக்கும் விலை. கிழக்கு வெளுப்பதைப் பார்த்திருந்த கூத்தாடிக்கு, விடிந்ததும் ஊரார் கூலி கொடுத்து அனுப்பினார்கள். இன்றைய கூத்தாடி பார்த்திருப்பது நாட்காட்டியை. அதிலும் விடியல் உண்டாவது அழைப்பவர் கையில் இருக்கிறது.