கணிப்பொறி உறைந்து நிற்பது ஏன்?

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி அதன் கணக்கு என்பதை அங்கத்தினர்கள் நன்கு அறிவர். முன்னாளில் அக்கணக்கு பேரேட்டில் இருந்தது. இன்று கணிப்பொறியின் டிஸ்கில் இருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. இனி யந்திரம் நின்றால் சங்கத்தின் பட்டுவாடாவும் நின்றுவிடும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கு உரிய வழக்கமான ஆதரவு முடிவுற்றது. ஆதலால் விண்டோஸ் 11-க்கு மாறும் அவசியம் பலருக்கு நேர்ந்திருக்கிறது. மாறியபின் சில இடங்களில் ஒரு குறை தோன்றுவதுண்டு. சாதாரண வேளையில் யந்திரம் ஒழுங்காகவே ஓடும். நூல் வழங்கிய கணக்கும் கூலிப் பட்டியலும் ஏறிக்கொண்டிருக்கையில் மாதக் கணக்கின் நகலையும் எடுக்க முற்பட்டால், திரை அப்படியே உறைந்துவிடும். விசையை அழுத்தினாலும் அசையாது. இதன் காரணத்தை அறிந்து நடந்துகொண்டால் நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

நம் தூத்துக்குடித் துறைமுகத்தை நினைத்துக்கொள்வோம். கப்பலிலிருந்து சரக்கு வேகமாக இறங்குகிறது, கிடங்கில் சேர்கிறது, லாரிகள் மெதுவாக எடுத்துச் செல்கின்றன. கிடங்கு நிறைந்துவிட்டால், கப்பலில் இறக்குவதற்கு எவ்வளவு ஆள் இருந்தும் பயனில்லை. எல்லோரும் கைகட்டி நிற்கவேண்டியதுதான். கணிப்பொறியிலும் இவ்வாறே. நாம் பதியும் கணக்கு முதலில் ராம் என்னும் நினைவகமாகிய கிடங்கில் சேர்கிறது. பின்னரே டிஸ்குக்குப் போகிறது. லினக்ஸ் முறையில், எழுதப்படாத பதிவுகள் கிடைக்கும் நினைவகத்தில் 10 சதவீதத்தை எட்டியதும் பின்னணியில் டிஸ்குக்கு எழுதும் வேலை தொடங்கும். 20 சதவீதத்தை எட்டினால் எழுத முற்படும் நிரலே நிறுத்தி வைக்கப்படும். இவை வழக்கமான அளவுகள். சுழலும் தட்டு கொண்ட பழைய டிஸ்காயின் தாமதம் இன்னும் மிகும். இயக்கமுறை புதிதாக ஏறிய சில நாட்களில், கோப்புகளை அட்டவணைப்படுத்துவதும் வைரஸ் சோதனையும் சேர்ந்து டிஸ்கின் சுமையைப் பெருக்குகின்றன.

இது நம் ஊர்க் குறை மட்டுமன்று. பெரிய கோப்பை எழுதுகையில் யந்திரமே செயலற்றுப்போகிறது என்று லினக்ஸ் கெர்னலின் புதிய பதிப்புகளைப் பற்றிய புகார், 12309 என்ற எண்ணில் 2008-இல் பதிவாயிற்று. பின்னணி எழுத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு 2017-இல் வெளியான 4.10 பதிப்பில்தான் சேர்ந்தது. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வெளியானபோது, வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்.எஸ்.டி.க்கள் சிலவற்றில் நீலத்திரை தோன்றி யந்திரம் விழுந்தது. முன்பு 64 எம்.பி. அளவே ராமிலிருந்து பெற்ற அந்த டிஸ்குகளுக்குப் புதிய பதிப்பு 200 எம்.பி. வரை கொடுத்ததே கோளாறு. டிஸ்கின் உள்நிரலாகிய பெர்ம்வேரைப் புதுப்பித்தபின் அது தீர்ந்தது. இயக்கமுறையை மாற்றுவோர் டிஸ்கையும் கவனிக்கவேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

ஆகையால் காரியதரிசிகளுக்குச் சில யோசனைகளைக் கூற விரும்புகிறோம். மாற்றுவதற்கு முன் கணக்கை இரண்டு தனி டிஸ்குகளில் நகலெடுத்து, அவற்றுள் ஒன்றைச் சங்கக் கட்டடத்துக்கு வெளியே வைக்கவேண்டும். நகலைத் திறந்தும் பார்க்கவேண்டும். டிஸ்கின் மாதிரிப் பெயரைக் குறித்துக்கொண்டு, அதைச் செய்தவர் புதிய பெர்ம்வேர் வெளியிட்டிருக்கிறாரா என விசாரிக்கவேண்டும். எல்லா யந்திரங்களையும் ஒருங்கே மாற்றாமல் ஒன்றை மட்டும் முதலில் மாற்றுக. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துக்கொண்டே ரசீதும் பதிந்து பாருங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி வழக்கமாகப் பத்து நாட்களே கிடைக்குமாதலால், இச்சோதனையை அந்தப் பத்து நாட்களுக்குள் முடித்துவிடுவது அவசியம். சந்தை நாளிலும் கூலி நாளிலும் மாற்ற வேலையை வைத்துக்கொள்ளலாகாது.

திரை உறைந்தால் பதறி மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டாம். டிஸ்கின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் யந்திரம் இன்னும் எழுதுகிறது என்று கொள்ளலாம். நம் கடலில் முத்துக்குளித்த நாளில், குளிப்பவர் அடியில் இருக்கும்போது மேலே கயிறு பிடிப்பவர் கையை விட்டதில்லை. எழுதும் நடுவில் மின்சாரத்தைப் பிடுங்குவது அந்தக் கயிற்றை விடுவதற்கு ஒப்பாகும்; பாதி எழுதிய பேரேடு பழுதாகலாம். சற்றுப் பொறுத்திருந்து, எந்த நேரத்தில் என்ன வேலை நடந்தபோது உறைந்தது என்பதைத் தாளில் குறித்து வையுங்கள். பழுது பார்ப்பவருக்கு அக்குறிப்பே முதல் துணை.

பட்டுவாடா நாளில் கையால் எழுதும் ரசீதுப் புத்தகம் ஒன்றும் மேசைமீது இருக்கட்டும். யந்திரம் நின்றாலும், தறியை விட்டு வந்த நெசவாளியும் வயலை விட்டு வந்த விவசாயியும் வெறுங்கையுடன் திரும்பலாகாது.