பொடி வர்ணத்தில் பிறந்த பயங்கரம்

திகில் கதைப் பத்திரிகைக்கு அட்டைப்படம் தீட்டுகிறவர் ஒரு முரண்பாட்டைத் தீர்த்தே ஆகவேண்டும். பயம் என்பது மனிதனை விலகி ஓடச் செய்யும் உணர்ச்சி. அட்டைப்படமோ கடைவாசலைக் கடந்து போகிறவனை நிறுத்தி, அருகே அழைத்து, அவன் பையிலிருந்து காசை எடுக்கச் செய்வதற்காகவே தீட்டப்படுவது. கண்காட்சி மண்டபத்துச் சித்திரத்தின் முன் ரசிகன் வேண்டியமட்டும் நின்று பார்க்கலாம். பத்திரிகைக் கடையில் வரிசையாகத் தொங்கும் எத்தனையோ அட்டைகளுக்கு நடுவே ஒன்றுக்குக் கிடைப்பது இரண்டொரு விநாடிப் பார்வைதான். அந்த விநாடிகளுக்குள் பயத்தையும் வசீகரத்தையும் ஒரே உருவத்தில் பிணைத்துக் காட்டும் வித்தையை, 1930களில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில், இத்தகைய வேலைக்குப் பொருத்தமென்று எவரும் எளிதில் நினைத்திராத ஒரு மென்மையான சாதனத்தைக் கொண்டு நிகழ்த்திக் காட்டியவர் மார்கரெட் பிரண்டேஜ் என்ற பெண்மணி. அந்தச் சாதனம் பேஸ்டல் எனப்படும் வர்ணச் சுண்ணக்கோல். அவருடைய தொழில் வாழ்க்கையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஊன்றி நோக்குகிறவர்களுக்கு, இரண்டிலும் அந்தக் கோலின் பங்கு எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

அவர் பெரும்பாலும் வரைந்தது 'வியர்ட் டேல்ஸ்' என்ற ஒரே பத்திரிகைக்கு. 1923 மார்ச் மாதம் தொடங்கப்பெற்ற அந்தப் பத்திரிகையில் பேய்களும் மாந்திரீகர்களும், கல்லறையிலிருந்து எழுந்து இரத்தம் குடிக்கும் பிரேதங்களும், வேற்றுக் கிரகத்து ஜந்துக்களும் மாதந்தோறும் உலவினர். உட்பக்கங்கள் மரக்கூழில் செய்த மலிவான முரட்டுக் காகிதம். மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் அதில் நீக்கப்படாமல் தங்கிவிடுவதாலும் அமிலம் கலந்திருப்பதாலும், நாளாவட்டத்தில் மஞ்சளித்து நொறுங்கும் சுபாவம் அதற்கு உண்டு. அட்டைக்கு மாத்திரம் வழவழப்பான பூச்சுக் காகிதம். ஏறக்குறைய 7 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் கொண்ட அந்த ஒரு தாளில்தான் பத்திரிகையின் வர்ண ஐசுவரியம் முழுவதும் அடங்கியிருந்தது. 1924 முதல் ஆசிரியராயிருந்த ஃபார்ன்ஸ்வொர்த் ரைட், பார்க்கின்சன் நோயினால் கையொப்பமிடுவதே பெரும்பாடாகிவிட்ட பின்னும் பணியை விடாத உறுதி படைத்தவர். நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் சூழ்ந்திருந்த காலத்தில், ஒரு பிரதியை 25 சென்ட் கொடுத்து வாங்கச் செய்ய வேண்டிய கவலை அவருடையது. அந்தக் கவலைக்கு விடையாக வந்து சேர்ந்தவர்தான் மார்கரெட்.

1900 டிசம்பர் 9ஆம் தேதி சிகாகோவில் பிறந்த அவர் அங்கேயே மெக்கின்லி உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு சிகாகோ நுண்கலைக் கழகத்திலும் பயின்றார். பிற்காலத்தில் கேலிச்சித்திரப் படங்களால் உலகப் பிரசித்தி பெற்ற வால்ட் டிஸ்னி அதே பள்ளியில் படித்தவர். கலைப் படிப்புக்குப் பின் மார்கரெட்டின் ஜீவனம் நாகரிக உடைகளின் விளம்பரப் படங்களை வரைவதில் நடந்தது. துணி உடம்பின்மீது எப்படி விழுகிறது, எந்த மடிப்பில் வெளிச்சம் தங்குகிறது, ஒரு பெண் தோளைச் சற்றே திருப்பி நிற்பதனால் உடையின் கோடு எவ்வாறு மாறுகிறது என்பனவற்றை அந்த வேலை அவருக்குக் கற்பித்தது. பின்னாளில் மாந்திரீகப் பீடங்களின் முன் அவர் நிறுத்திய நாயகிகளிடமெல்லாம் இந்தப் பயிற்சியின் சாயலைக் காணலாம். கவிஞர்களும் தொழிற்சங்கத் தீவிரவாதிகளும் நாடோடிச் சிந்தனையாளர்களும் கூடி வாதிட்ட டில் பிக்கிள் கிளப் என்ற இடத்தில் ஸ்லிம் பிரண்டேஜ் என்பவரைச் சந்தித்து, 1927இல் மணந்தார். ஒரு மகன் பிறந்தான். இல்லறம் நிலைக்கவில்லை, 1939இல் விவாகரத்தாயிற்று. அதற்கு வெகு முன்பே, மகனையும் நோயுற்ற தாயையும் காக்கும் பொறுப்பு அவர் தலைமீது விழுந்திருந்தது. படங்களை எடுத்துக்கொண்டு வேலை தேடியபொழுது ரைட்டின் அலுவலகத்துக் கதவு திறந்தது. 1932இல் முதலில் 'ஓரியண்டல் ஸ்டோரீஸ்' என்ற சகோதரப் பத்திரிகைக்கும், அவ்வாண்டு செப்டம்பரில் 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகைக்கும் அவருடைய அட்டைகள் வெளியாயின.

அட்டைப்படம் உருவாகும் முறை இது. வரப்போகும் இதழின் முக்கியக் கதையை ஆசிரியர் அவரிடம் கொடுப்பார். அவர் அதைப் படித்து, காட்சிகளைத் தெரிந்தெடுத்து, மூன்று பென்சில் மாதிரிகள் போட்டுக் கொண்டு வருவார். ஆசிரியர் அவற்றுள் ஒன்றைப் பொறுக்குவார்; அது வர்ணத்தில் விரியும். ஓர் அட்டைக்கு 90 டாலர் கூலி. சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் பல நிர்ப்பந்தங்கள் உண்டு. மேல்பாகத்தைப் பத்திரிகையின் பெயருக்கு விட்டுவிட வேண்டும். ஆசிரியர்கள், கதைகள் ஆகியவற்றின் பெயர்களுக்குப் பக்கத்திலோ கீழேயோ இடம் ஒதுக்க வேண்டும். எஞ்சியதில் உருவம் தூரத்திலிருந்து பார்த்தாலும் கலங்காமல் தெரியவேண்டும். பிரண்டேஜ் இதற்குக் கண்ட உபாயம் சுருக்கம். ஒன்றோ இரண்டோ உருவங்கள், பின்னால் பெரும்பாலும் விவரமற்ற ஒரே வர்ணப் பரப்பு. மற்ற கதைப் பத்திரிகைகளின் அட்டைகளில் துப்பாக்கியும் புகையும் ஓடும் குதிரையும் மோதிக்கொண்டிருக்கையில், இவருடைய அட்டையில் ஒரு நிசப்தம் இருந்தது. அந்த நிசப்தமே கண்ணை நிறுத்தியது என்பது என் அபிப்பிராயம்.

இனி அந்தக் கோலைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் வர்ணத்தில் நிறப்பொடி எண்ணெயில் மிதக்கிறது. எண்ணெய் உலர்ந்தபின் கண்ணாடி போன்ற ஒரு படலத்துக்குள் அது சிறைப்படுகிறது. பேஸ்டலில் அப்படியில்லை. நிறப்பொடியோடு வெள்ளைச் சுண்ணம் முதலியவற்றைக் கலந்து, உருட்டிய கோல் உதிராதிருக்கும் அளவுக்கு மாத்திரம் சிறிது பிசினைச் சேர்த்து உலர்த்துகிறார்கள். சொரசொரப்பான அட்டைமீது அந்தக் கோலைத் தேய்க்கும்பொழுது, பொடி அட்டையின் நுண்ணிய பள்ளங்களில் போய் அமர்கிறது. அதைப் பிடித்து வைப்பது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. துகள்களுக்கு இடையிடையே காற்று நிறைந்திருக்கிறது. மேலே விழும் ஒளி துகளிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து துகளுக்குமாக மாறி மாறிச் சென்று எல்லாத் திசைகளிலும் சிதறுவதனால், எண்ணெய்ச் சித்திரத்தின் பளபளப்புக்குப் பதிலாக, உள்ளிருந்தே வெளிச்சம் பரவுவது போன்ற ஒரு மிருதுவான சோபை தோன்றுகிறது. விரல் நுனியால் ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் தேய்த்துவிட்டால் எல்லைக்கோடே மறைந்து, கன்னத்தின் சிவப்பு கழுத்தின் நிழலில் கரைகிறது. மனிதச் சருமத்தைக் காட்ட இதைவிடத் தகுந்த சாதனம் இல்லையென்பதால்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து ரோசால்பா கரியேரா முதலிய உருவப்பட ஓவியர்கள் இதை அவ்வளவு ஆர்வத்தோடு கையாண்டார்கள்.

இந்த அழகுக்கு விலையும் உண்டு. பிடிப்பில்லாத பொடி, ஒரு கை பட்டாலே கலைந்துவிடும். உதிராமலிருக்கப் பிசின் கரைசலைத் தெளித்தால், துகள்களிடையே காற்றிருந்த இடத்தில் பிசின் புகுந்து ஒளிச்சிதறலைக் குறைக்கிறது. நனைந்த மணல் கறுப்பதைப் போல வர்ணம் இருண்டு, முன்னிருந்த சோபை மங்குகிறது. ஆகவே பேஸ்டல் சித்திரக்காரருக்கு எப்பொழுதும் இரண்டில் ஒன்றுதான்: சோபையை இழப்பது, அல்லது சித்திரத்தையே இழக்கும் ஆபத்தை ஏற்பது. பிரண்டேஜின் மூலப் படம் கையிலிருக்கும்போது தும்முவதற்கும் அஞ்சினார்களாம் பத்திரிகை அலுவலகத்தில். முழுச் சித்திரமும் தூசியாய்ப் பறந்துவிடுமோ என்ற பயம்.

இத்தனை நொய்மையான படம் ஆயிரக்கணக்கான பிரதிகளாவது நான்கு வர்ண அச்சு என்ற முறையினால். மூலப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளின் வழியே தனித்தனியாகப் படம்பிடிப்பார்கள். சிவப்புக் கண்ணாடியின் வழியே எடுத்ததிலிருந்து நீல மைக்கான பிளாக்கும், பச்சையிலிருந்து செம்மைக்கும், நீலத்திலிருந்து மஞ்சளுக்கும் பிளாக்குகள் தயாராகும். நிழலுக்கு ஆழம் கொடுக்கக் கறுப்புக்கென்று நான்காவது பிளாக். காமிராவுக்குள் நெருங்கிய கோடுகளிட்ட ஒரு திரை இருப்பதனால், நிறத்தின் ஏற்றத்தாழ்வுகள் பெரிதும் சிறிதுமான புள்ளிகளாகப் பிரிந்துவிடுகின்றன. உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்த அந்தப் புள்ளிகளை ஒன்றன்மேலொன்றாக அச்சிட்டால், கண் அவற்றை இணைத்து முழு வர்ணமாகக் காண்கிறது. எண்ணெய்ச் சித்திரத்தின் தடித்த தூரிகைத் தடங்கள் இந்த முறையில் சில சமயம் பொருக்குத் தட்டினாற்போல் தோன்றும். பேஸ்டலின் தூள் போன்ற மென்மையோ, புள்ளிகளின் மென்மையோடு இயல்பாக இசைந்துவிடுகிறது.

இச்சாதனத்தால் பயங்கரத்தைத் தீட்டுவது எப்படி? சாதாரணமாக இத்தகைய பத்திரிகைகளில் கறுப்பும் அழுக்குப் பச்சையும் இரத்தச் சிவப்பும் மிகுந்திருக்கும். கோரப்பல் ராக்ஷசன் முன்னால் நிற்பான். பிரண்டேஜ் ராக்ஷசனைப் பின்னுக்குத் தள்ளினார். அவருடைய சித்திரங்களில் பயம் இருப்பது பார்க்கப்படும் பொருளில் அன்று, பார்க்கிறவளின் முகத்தில். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காண்பது போன்ற ஒளியில் ஒரு பெண் நிற்கிறாள். அவள் காண்பது நமக்குப் பாதிதான் தெரிகிறது. 1933 அக்டோபர் இதழில் வௌவால் உருவத்து முகமூடி அணிந்த பெண்ணொருத்தியை அவர் தீட்டியபொழுது இந்த முறையும் தலைகீழாயிற்று: அங்கே பயப்படுகிறவள் எவளும் இல்லை, பயமுறுத்துகிறவளே அழகி. பத்திரிகையின் அட்டைகளில் மிக அதிகமாக நினைவுகூரப்படுவது அதுதான். 1934 அக்டோபர் அட்டையில், சி. எல். மூர் எழுதிய கதையின் நாயகியான ஜைரல், கருங்கற் சிலை ஒன்றைத் தழுவி நிற்கிறாள். உஷ்ணமும் குளிர்ச்சியும் ஒன்றையொன்று தொடும் அந்தக் கணத்தைப் பேஸ்டலின்றி வேறெதனால் அவ்வளவு நயமாகக் காட்டியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மூரும் ஒரு பெண்ணே. காதரின் என்ற தம் பெயரை முதலெழுத்துக்குள் மறைத்துக்கொண்டவர். பிரண்டேஜும் 'எம். பிரண்டேஜ்' என்றே கையொப்பமிட்டு வந்தார். அந்த 'எம்' மார்கரெட் என்பதை 1934இல் ரைட் வெளியிட்டபொழுது வாசகர் பலர் திகைத்தனர்.

திகைப்புக்குக் காரணம் இருந்தது. அவருடைய நாயகிகளுள் மிகப் பலர் ஆடை குறைந்தவர்கள், அல்லது ஆடையே அற்றவர்கள். இது குறித்து வாசகர் கடிதப் பகுதியில் மாதக்கணக்கில் வாதம் நடந்தது. லவ்கிராஃப்ட் போன்ற எழுத்தாளர்கள் இந்தப் படங்களைத் தங்கள் கடிதங்களில் கண்டித்தார்கள். ரைட் அசையவில்லை, அத்தகைய அட்டைகள் விற்பனைக்கு உதவின. அட்டையில் இடம் பெறும் ஆசையால், கதைக்குள்ளேயே அதற்கேற்ற காட்சியொன்றைச் சேர்த்துவிடும் ஆசிரியர்களும் இருந்தார்கள். சீபரி குவின் அவர்களுள் முக்கியமானவராகச் சொல்லப்படுகிறார். கண்டனத்தில் நியாயம் அறவே இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். கதைக்குத் தேவையே இல்லாமல் ஆடை களைந்த அட்டைகளும் அவற்றில் உண்டு. ஆனால் கண்டித்தவர்கள் உடம்பைப் பார்த்த அளவுக்கு முகத்தைப் பார்க்கவில்லை என்றே எண்ணுகிறேன். அந்தப் பெண்களின் கண்களில் அறிவும் சினமும் தீர்மானமும் இருக்கின்றன. சாட்டையைப் பிடித்திருப்பவளும் சில சமயம் பெண்ணாகவே இருக்கிறாள்.

1933 ஜூன் முதல் 1936 ஆகஸ்ட்–செப்டம்பர் இதழ் வரை, இடையில் வேறெவருக்கும் இடமின்றித் தொடர்ச்சியாக 39 அட்டைகள் அவருடையவை. அந்த வரிசையின் முதல் அட்டை, கோனன் என்ற முரட்டு வீரனைப் படைத்த ராபர்ட் ஹோவர்டின் கதைக்கானது. கோனன் கதைகளுக்காக மட்டும் ஒன்பது அட்டைகள் தீட்டினார். அவற்றுள் பலவற்றில் கோனனே காணப்படுவதில்லை என்பது அவருடைய நோக்கு எங்கே சென்றது என்பதைக் காட்டும். அவருக்கு மிகப் பிடித்த ஆசிரியர் ஹோவர்டே. 1936 ஜூனில் ஹோவர்ட் தம் முப்பதாவது வயதில் தற்கொலை செய்துகொண்ட செய்தியை ரைட் சொன்னபொழுது, அலுவலகத்திலேயே இருவரும் அமர்ந்து வெகு நேரம் அழுததாக முதுமையில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். இவர் ஒருமுறைகூடப் பார்த்திராத டெக்ஸாஸ் மாநிலத்து இளைஞர் அவர்.

1938இல் பத்திரிகை கைமாறி நியூயார்க் நகரத்துக்குப் பெயர்ந்தது. சிகாகோவில், அலுவலகத்துக்குக் கையாலேயே எடுத்துச் சென்று கொடுத்த படங்களை, இனி எண்ணூறு மைலுக்குக் குறையாத தொலைவு ரயிலில் அனுப்ப வேண்டியதாயிற்று. பொடியாலான சித்திரத்துக்கு அந்த யாத்திரை தகாது. அதோடு, நியூயார்க்கின் மேயர் லாகார்டியா பத்திரிகைக் கடைகளில் ஆபாசத்தை ஒழிக்கத் தீவிரமாக முனைந்திருந்தமையால், இவருடைய பாணிக்கே அங்கு இடம் குறைந்தது. நோயினால் நலிந்த ரைட் 1940இல் பதவியிழந்து, அதே ஆண்டு மறைந்தார். பிறகு வந்த டோரதி மெக்கில்ரெயித்தின் காலத்தில் வர்ஜில் ஃபின்லே, ஹானஸ் போக் முதலியோரின் அட்டைகள் வெளிவந்தன. பிரண்டேஜின் படங்கள் இடைவிட்டு இடைவிட்டு வந்து, 1945 ஜனவரியோடு நின்றன. மொத்தம் 66 அட்டைகள்; அந்தப் பத்திரிகைக்கு அதற்கு மேல் தீட்டியவர் எவரும் இல்லை.

அதன் பின்னும் அவர் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார், வரைந்துகொண்டும் இருந்தார். சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பினக் கலைஞர்கள் 1940களின் தொடக்கத்தில் நிறுவிய சமுதாயக் கலை மையத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார். ஆனால் பழைய நிலையான வருவாய் மீளவில்லை. சித்திரச் சந்தைகளிலும் விஞ்ஞானக் கதை ரசிகர் மாநாடுகளிலும் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, அவற்றுள் சில களவு போயின. 1976 ஏப்ரல் 9ஆம் தேதி, வறுமை நீங்காத நிலையிலேயே, காலமானார்.

பேஸ்டல் மூலங்களில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. ஆகவே அவருடைய கலையை அறிய விரும்புவோர் அச்சான அட்டைகளையே நாடவேண்டியிருக்கிறது. அவற்றின் மறுபதிப்புகளைக் காண நேர்கிறவர்கள், கண்ணைக் கவரும் உடம்பை விட்டு, முகத்திலும் பின்புல வர்ணத்திலும் தங்கள் பார்வையைச் சற்று நேரம் நிறுத்திப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் விரலால் தேய்த்துக் கரைத்த நிழல்களின் சாயலை அந்தப் புள்ளிகளுக்கிடையிலும் ஓரளவு கண்டுகொள்ளலாம்.