பொறி எப்போது பிறக்க வேண்டும்?

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில், விராலிமலை வழியாக ஒரு காலத்தில் அம்பாசிடர் கார்கள் ஏராளமாக ஓடின. 2014-இல் அவற்றின் உற்பத்தி நின்றது. பழைய காரை விடாமல் வைத்திருப்பவர்கள், உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால் வேறு எஞ்சினிலிருந்து கழற்றி மாட்டுவதுண்டு. டிஸ்ட்ரிபியூட்டரை அப்படி மாற்றினால் என்ன ஆகும்?

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவைக்குத் தீ மூட்டும் மின்பொறியை உரிய சிலிண்டருக்கு, உரிய நேரத்தில் அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். பிஸ்டன் உச்சியை அடைந்ததும் பொறி வந்தால் போதாதா? போதாது. கலவை எரிந்து அழுத்தம் ஏறச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே முன்கூட்டியே பற்ற வைக்க வேண்டும்.

எவ்வளவு முன்னால்? கணக்கிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால், விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் கிராங்க் 3.6 பாகை திரும்பும். 3000 சுற்றில் 18 பாகை! வேகம் கூடினால் கலவை கலங்கித் தீயும் விரைவாகப் பரவும்; அதனால் ஐந்து மடங்கு முந்த வேண்டியதில்லை. ஆனால் முந்தியே ஆக வேண்டும்.

திருவிழாவில் சங்கிலி ராட்டினம் வேகமெடுத்ததும் இருக்கைகள் வெளியே விலகுமல்லவா? டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளும் இரண்டு சிறு எடைகள் அவ்வாறே விலகிப் பொறியை முந்தச் செய்கின்றன. எவ்வளவு விலகலாம் என்பதை அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் தீர்மானிக்கின்றன. அந்த ஸ்பிரிங்குகள் அந்தந்த எஞ்சினுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை.

சிக்கல் இங்கேதான். மெதுவாக ஓடும்போது குறியைப் பொருத்தி டைமிங் வைத்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும், ஸ்பிரிங் தளர்ந்ததானால் பொறி மிகவும் முந்திவிடும். பிஸ்டன் மேலே வரும்போதே அழுத்தம் அதன் தலையில் மோதும். இது நீடித்தால் பிஸ்டனில் ஓட்டையே விழலாம். ஸ்பிரிங் விறைப்பானதென்றால் பொறி பிந்தும். இழுவை குறையும், எஞ்சின் சூடாகும், பெட்ரோல் வீணாகும்.

காதால் கேட்டே டைமிங் வைக்கும் மெக்கானிக்குகள் உண்டு. திறமைதான். ஆனால் வேகத்தில் எழும் தட்டல் ஒலி சாலை இரைச்சலில் அமுங்கிவிடும். முதலில் பாயின்ட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அது மாறினால் டைமிங்கும் மாறும். பிறகு பொறிக்கொரு முறை மின்னும் டைமிங் விளக்கைக் கப்பியின் குறிமேல் காட்டி, இரண்டு மூன்று வேகங்களில் பார்க்க வேண்டும். ஓடும் கப்பி அசையாமல் நிற்பதுபோல் தெரியும்! டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அதன் உடலை 1 பாகை திருப்பினால் கிராங்க் கணக்கில் 2 பாகை மாறும் என்பதையும் கவனியுங்கள்.

1967-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த காஸ்மோ காரில் பிஸ்டனே இல்லை. முக்கோண ரோட்டார்கள் சுழன்றன. எரியும் அறை நீண்டு ஒடுங்கியிருந்ததால் ஒவ்வொரு ரோட்டாருக்கும் இரண்டு பிளக்குகள் வைத்தார்கள். அத்தகைய எஞ்சினில் பாகம் மாற்றினால், இரண்டு பிளக்குகளின் நேரத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.