கொடைக்கானல் தகடும் அழித்தெழுதாத நிரலும்

பழனி மலையில் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். மேகம் மறைக்காத நாளெல்லாம் படம்தான். பழைய படங்கள் கண்ணாடித் தகடுகளில் இருக்கின்றன. ஒரு நாளின் தகட்டின் மேல் இன்னொரு நாளின் சூரியனை யாரும் பதித்ததில்லை. அந்தத் தகடுகளை முதலில் 8 பிட் தரத்தில் கணினிக்கு ஏற்றினார்கள். நுட்பமான ஆய்வுக்கு அது போதவில்லை. பிறகு 16 பிட் தரத்தில், படத்துக்கு 4096-க்கு 4096 புள்ளிகள் என்று மறுபடி ஏற்றினார்கள். மூலத்தில் யாரும் கை வைக்காமல் இருந்ததால்தான் இரண்டாம் முறை சாத்தியமாயிற்று.

இந்த ஒழுக்கத்தையே நிரல் எழுதும் முறையாக வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர் ஃபங்ஷனல் புரோகிராமிங்.

கல்லூரியில் நிரல் எழுதக் கற்கும் மாணவர் முதல் வாரத்திலேயே 'எக்ஸ் = எக்ஸ் + 1' என்ற வரியைப் பார்க்கிறார். கணக்கு வாத்தியாரிடம் காட்டினால் தப்பு என்று அடித்துவிடுவார். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடுதலாக இருக்க முடியாது. கணினிக்கு அந்த வரி ஒரு கட்டளை: பெட்டியில் இருக்கும் எண்ணை அழித்துவிட்டு ஒன்று கூட்டி அங்கேயே எழுது. பெரும்பாலான மென்பொருள்கள் இப்படி அழித்து அழித்து எழுதித்தான் ஓடுகின்றன. பத்து இடங்களிலிருந்து ஒரே பெட்டியை அழித்தெழுதும்போது யார் எப்போது மாற்றினார்கள் என்று தேடுவதிலேயே ராத்திரி போய்விடும்.

ஃபங்ஷனல் முறையில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் கொடுத்ததுதான். புதிய மதிப்பு வேண்டுமென்றால் பழையதிலிருந்து புதிதாக ஒன்றைப் பெற வேண்டும். பெற்றுத் தருவது சார்பு. நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமான 'உறவுகளும் சார்புகளும்' சொல்லும் அதே சார்புதான். மதிப்பகத்தில் ஓர் உறுப்புக்கு ஒரே ஒரு நிழல் உரு. இன்று கொடுத்தாலும் நாளை கொடுத்தாலும் விடை மாறாது.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாட்சி மலை வாழைப்பழத்தைப் பிசைந்த பிறகு கையில் பழம் இல்லை. சூரியத் தகடு அப்படியல்ல. அதன் படத்தை எடுத்து, ஒளிச் சீரின்மையைத் திருத்துவது ஒரு சார்பு. வட்டத்தின் மையத்தைக் கண்டு நேராக்குவது இன்னொன்று. விளிம்பு மங்கலை நீக்குவது மூன்றாவது. ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கொடுத்தால் அது சார்புகளின் சேர்க்கை. நடுவில் ஒரு படி பிழையென்றால் அதை மட்டும் மாற்றிவிட்டு மூலத்திலிருந்து திரும்ப ஓட்டலாம். எந்தப் படமும் இன்னொன்றைத் தொடாததால் ஆயிரம் படங்களை ஆயிரம் கணினிகளில் ஒரே நேரத்தில் போடலாம். பல கோர்கள் கொண்ட இன்றைய சில்லுகளில் இந்த முறைக்கு மதிப்பு கூடியதற்குக் காரணம் இதுதான்.

விலை இல்லாமல் இல்லை. திரையில் எழுதுவது, கோப்பில் சேமிப்பது எல்லாமே உலகை மாற்றும் வேலைகள். அவற்றைத் தனியே வேலி கட்டி வைக்க வேண்டியிருக்கிறது. நினைவகமும் கூடுதலாகச் செலவாகலாம். அழித்தெழுதிப் பழகிய கை முதல் சில வாரங்கள் தடுமாறும்.

இந்தத் தடுமாற்றத்தைத் தனியாகக் கடப்பது கடினம். இத்துறை வளர்ந்ததே ஆட்கள் கூடிப் பேசித்தான். 1930-களில் அலோன்சோ சர்ச் வகுத்த லாம்டா கணிதம் வித்து. 1987-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்கள், ஒரே சாயலில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மொழிகள் இருப்பதைப் பார்த்து, பொதுவாக ஒரு மொழி செய்வோம் என்று குழு அமைத்தார்கள். அப்படிப் பிறந்தது ஹாஸ்கெல். முதல் அறிக்கை 1990 ஏப்ரலில் வந்தது. அந்தக் குழுவில் ரிஷியூர் நிகிலும் இருந்தார். அவரும் பேராசிரியர் அர்விந்தும் பின்னாளில் சேர்ந்து தொடங்கிய புளூஸ்பெக் நிறுவனம், ஹாஸ்கெலின் சிந்தனையைச் சில்லு வடிவமைப்புக்குக் கொண்டுவந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலி புளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்டதுதான். 2018-இல் அந்தச் சில்லில் லினக்ஸ் ஓடியது. ஒரு மாநாட்டில் எழுந்த பேச்சு சென்னை வரைக்கும் வந்து சேர்ந்த கதை இது. எனக்கு இதைச் சொல்லி அலுப்பதில்லை.

இந்தியாவிலும் கூடுகிறார்கள். பெங்களூருவில் 2014-இல் ஃபங்ஷனல் கான்ஃப் என்ற மாநாடு தொடங்கியது. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம், இளநிலை மாணவர்களுக்கு முதல் நிரல் மொழியாகவே ஹாஸ்கெலைக் கற்பிக்கிறது. அங்குள்ள மாதவன் முகுந்த், எஸ்.பி. சுரேஷ் நடத்திய பாடங்கள் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் எல்லோருக்கும் இலவசம்.

ஆகவே கொடைக்கானல், வத்தலக்குண்டு, பழனி, திண்டுக்கல் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். நகரத்தில் கூட்டம் நடக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான்கு பேர், ஒரு மடிக்கணினி, ஒரு சனிக்கிழமை மாலை போதும். மலையில் சிக்னல் வரும், போகும். ஹாஸ்கெலின் கம்பைலரை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையமே வேண்டாம். முதல் கூட்டத்துக்கு ஒரு கணக்கும் தருகிறேன். முப்பது நாட்களின் சூரியக் கரும்புள்ளி எண்ணிக்கையை ஒரு பட்டியலாக எழுதுங்கள். புள்ளியே இல்லாத நாட்களைத் தவிர்த்து, மிச்ச நாட்களின் சராசரியைக் கண்டுபிடியுங்கள். பட்டியலில் ஓர் எண்ணைக்கூட மாற்றக் கூடாது.