நொடியில் வெடித்த வெந்நீர்க் குளம்... யெல்லோஸ்டோன் மண்ணுக்கு அடியில் என்ன நடக்கிறது?

2024 ஜூலை 23, காலை சுமார் 10 மணி. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. 'பிஸ்கட் பேசின்' பகுதியில் மரப்பலகை நடைபாதையில் நின்று சுற்றுலாப் பயணிகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென, 'பிளாக் டயமண்ட்' என்ற வெந்நீர்க் குளம் வெடித்தது! நீராவி, சேறு, பாறை எல்லாம் 100 மீட்டருக்கும் மேல் கறுப்பாக எழும்பின. மக்கள் அலறியடித்து ஓடும் செல்போன் வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. நடைபாதை நொறுங்கியது. நல்லவேளையாக, ஒருவருக்கும் காயம் இல்லை.

'எரிமலை விழித்துக்கொண்டதா?' என்பதுதான் பலரின் பயம். 'இல்லை' என்றார்கள் விஞ்ஞானிகள். நடந்தது நீராவி வெடிப்பு மட்டுமே.

குக்கர் கணக்கு

யெல்லோஸ்டோன், ஒரு மாபெரும் எரிமலையின் வாய்க்குள் இருக்கும் நிலம். அங்கே விழும் மழையும் பனியும் மண்ணுக்குள் இறங்கி, ஆழத்திலிருக்கும் சூட்டில் காய்கின்றன. மேலிருந்து அழுத்தம் இருப்பதால், 100 டிகிரியைத் தாண்டியும் அந்த நீர் கொதிப்பதில்லை. நம் வீட்டு குக்கருக்குள் நடப்பதும் இதுதான்.

மேலே வரும் வழி தாராளமாக இருந்தால், அது அமைதியான வெந்நீர் ஊற்று. வழி குறுகலாக இருந்தால் அழுத்தம் சேர்ந்து, அவ்வப்போது பீய்ச்சியடிக்கும். அதுதான் கீசர். நம் குளியலறை கீசருக்குப் பெயர் கொடுத்ததும் ஐஸ்லாந்தின் 'கெய்சிர்' என்ற ஊற்றுதான். பாதை அடைபட்டால்? வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர் கதைதான்.

மணி மாறிய ஊற்று

பூங்காவின் சூப்பர் ஸ்டார், 'ஓல்டு ஃபெய்த்ஃபுல்'. சரியான இடைவெளியில் பீய்ச்சியடிப்பதால் 1870-ல் இந்தப் பெயர் வைத்தார்கள். 1950-களில் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பொங்கிய அது, இப்போது எடுத்துக்கொள்வது சுமார் ஒன்றரை மணி நேரம். 1959-ல் அருகே ஏற்பட்ட பெரிய நிலநடுக்கம் நிலத்தடி நீர்ப்பாதைகளை அசைத்துவிட்டது, முக்கியக் காரணங்களில் ஒன்று.

இதைவிட ஆச்சர்யம், 2020-ல் வெளியான ஓர் ஆய்வு. ஊற்றின் மேட்டிலிருந்து கிடைத்த பழைய மரத்துண்டுகளின் வயதைக் கணித்தார்கள். அவை 13, 14-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கொதிநீர் கொட்டும் இடத்தில் மரம் எப்படி வளரும்? அப்போது ஊற்று பல பத்தாண்டுகள் நின்றுபோயிருந்தது. காரணம், நீண்ட, கடும் வறட்சி. அடியில் சூடு இருந்தும் தண்ணீர் இல்லை! பருவநிலை மாறி அந்தப் பகுதி வறண்டால், இடைவெளி இன்னும் கூடலாம், ஊற்று மறுபடி நிற்கவும் செய்யலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

மனிதர்கள் செய்வது

யெல்லோஸ்டோனின் 'மார்னிங் குளோரி' குளம் ஒருகாலத்தில் நீலமாக ஜொலித்தது. பயணிகள் போட்ட காசுகளும் குப்பையும் அடிவாயை அடைக்க, நீர் ஆறி, நிறம் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் மாறத் தொடங்கியது.

நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் வீடுகளும் ஹோட்டல்களும் வெந்நீருக்காக ஆழ்துளைக் கிணறுகள் போட, கீசர்கள் தளர்ந்தன. 1980-களில் முக்கிய கீசரைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை அரசு மூடியது. எதிர்ப்பு எழுந்தது, ஆனாலும் ஊற்றுகள் மெல்ல உயிர்பெற்றன.

யெல்லோஸ்டோனிலும் மாற்றம் நிற்கவில்லை. 2025 ஏப்ரலில், நோரிஸ் பகுதிக்குச் சென்ற ஆய்வாளர்கள், முன்பு இல்லாத ஒரு நீலக் குளத்தைக் கண்டார்கள். அகலம் சுமார் 4 மீட்டர். அது எப்போது உருவானது என்பதை யாரும் நேரில் பார்க்கவில்லை.

அதனால்தான் அங்கே ஒரே ஒரு கண்டிப்பான விதி: பலகைப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. பார்க்கக் கெட்டியாகத் தெரியும் தரை, சில இடங்களில் கொதிநீர் மேல் படர்ந்த மெல்லிய ஓடுதான். இதுவரை 20-க்கும் மேற்பட்டோர் அந்த நீரில் வெந்து இறந்திருக்கிறார்கள். ஒரு செல்ஃபிக்காகப் பாதையைத் தாண்டும் முன், இந்த எண்ணை நினைத்துக்கொள்வது நல்லது.