பாப்பாவுக்குத் தயிர்

டில்லியில் ஒரு குடிசைப் பகுதி. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கின்றன. ஆண்கள் கட்டட வேலைக்குப் போகிறார்கள். பெண்கள் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் நடந்தது இது.

அந்தத் தாய்க்கு ஒரு பெண் குழந்தை. வயது 11 மாதம். மார்கழிக் குளிரில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பதினைந்து நாள் ஆகியும் நிற்கவில்லை.

முதல் மூன்று நாளில் ஆஷா பணியாளர் வந்தார். உப்பு சர்க்கரைப் பொட்டலம் கொடுத்தார். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கலக்க வேண்டும் என்று காட்டினார். துத்தநாக மாத்திரையும் கொடுத்தார். தினம் ஒன்று, 14 நாள். அந்தத் தாய் அதை விடாமல் கொடுத்தாள். குழந்தையின் உடம்பு வற்றிப் போகவில்லை. ஆனால் போக்கு மட்டும் நிற்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"சோறு கொடுக்காதே. வயிற்றைக் காயப் போடு."

"தாய்ப்பாலை நிறுத்து. உன் பால்தான் ஒத்துக்கொள்ளவில்லை."

"பசும்பாலை நிறையக் கொடு. உடம்பு தேறும்."

கடைசியில் சொன்னதைத்தான் அவள் கேட்டாள். குழந்தை இளைத்துக்கொண்டே போனது. அதனால் கடனுக்குப் பால் வாங்கினாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை பசும்பால் கொடுத்தாள். பால் குடித்த அரை மணியில் குழந்தையின் வயிறு உப்பும். குடல் கடமுடா என்று இரையும். பிறகு தண்ணீராகப் போகும். நுரையாக இருக்கும். புளித்த வாடை வரும். பின்பக்கம் தோல் சிவந்து புண்ணாகி விட்டது.

பதினாறாம் நாள் அரசு மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எடை பார்த்தார்கள். போன மாதம் 7 கிலோ 100 கிராம். இப்போது 6 கிலோ 400 கிராம்.

டாக்டரம்மா குழந்தையைப் படுக்க வைத்துப் பார்த்தார். கண் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். மலத்தில் ரத்தம் உண்டா என்று கேட்டார். பிறகு என்னென்ன கொடுக்கிறாய் என்று கேட்டார். இவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பசும்பாலைக் கொஞ்ச நாள் நிறுத்து. அதற்குப் பதில் தயிர் கொடு. வீட்டில் உறை ஊற்றிய தயிர்" என்றார் டாக்டரம்மா.

இவளுக்குப் புரியவில்லை. "தயிரும் அதே பால்தானேம்மா? பால் ஆகாது என்றால் தயிர் எப்படி ஆகும்?"

நல்ல கேள்வி. நாமும் அதைத் தெரிந்துகொள்வோம்.

பாலில் ஒரு சர்க்கரை

பாலில் இயற்கையாகவே ஒரு சர்க்கரை இருக்கிறது. நாம் போடும் சர்க்கரை அல்ல. இதற்கு லாக்டோஸ் என்று பெயர். நாம் பால் சர்க்கரை என்று சொல்லுவோம். 100 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 5 கிராம் பால் சர்க்கரை உண்டு.

இந்தச் சர்க்கரை அப்படியே உடம்பில் சேராது. அதை உடைக்க வேண்டும். உடைக்கும் பொருள் சிறுகுடலின் உள்தோலில் ஊறுகிறது. பல நாள் வயிற்றுப்போக்கு இருந்தால் அந்த உள்தோல் தேய்ந்து புண்ணாகி விடும். அப்போது அந்தப் பொருள் போதுமான அளவு ஊறாது. பால் சர்க்கரை உடையாமல் பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே அது தண்ணீரை இழுக்கும். அங்கே உள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும். காற்று உண்டாகும். வயிறு உப்புவதும், தண்ணீராகப் போவதும், புளித்த வாடையும், தோல் புண்ணும் இதனால்தான்.

உறை ஊற்றினால் என்ன நடக்கிறது? உறை மோரில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் இருக்கின்றன. அவை பால் சர்க்கரையைத் தின்று வளர்கின்றன. அதைப் புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்புதான் பாலைக் கட்டியாக்குகிறது. ஆகவே தயிரில் பால் சர்க்கரை பாலில் உள்ளதைவிடக் குறைவு. முழுவதும் போய்விடாது. ஆனால் மீதி இருப்பதை உடைக்கவும் அந்தக் கிருமிகள் குடலுக்குள் போய் உதவுகின்றன. பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குத் தயிர் ஒத்துக்கொள்வது இதனால்தான்.

"அப்படி என்றால் என் பாலையும் நிறுத்த வேண்டுமா?" என்று கேட்டாள் அந்தத் தாய். அவள் குரல் கம்மியது.

"நிறுத்தவே கூடாது. முன்னைவிட அதிகமாகக் கொடு" என்றார் டாக்டரம்மா.

தாய்ப்பாலிலும் பால் சர்க்கரை உண்டு. பசும்பாலில் உள்ளதைவிட அதிகமாகவே உண்டு. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஒத்துக்கொள்கிறது. நோயை எதிர்க்கும் சக்தியும் அதில் இருக்கிறது. புண்ணான குடல் ஆறவும் அது உதவுகிறது. தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் குழந்தை இன்னும் மோசமாகியிருக்கும்.

இரண்டு நாள் உறையவில்லை

தயிர் தோய்ப்பது பெரிய வேலையா என்று நினைப்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஊரில் அவள் அம்மா ராத்திரி ஒரு கரண்டி மோர் ஊற்றி மூடி வைப்பாள். விடிந்தால் தயிர். சில ஊரில் இதைப் பிரை குத்துவது என்பார்கள்.

டில்லிக் குளிரில் அது நடக்கவில்லை. முதல் நாள் காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருந்தது. அடுத்த நாள் பால் நூல் நூலாக இழுத்தது. ஒரு கெட்ட வாடையும் வந்தது. நல்ல வேளை, அவள் அதைக் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. கீழே கொட்டினாள். அரை லிட்டர் பால் வீணாகிவிட்டது. கூலி வேலை செய்கிறவருக்கு அது சின்ன இழப்பா?

பக்கத்து வீட்டில் அரியானாவிலிருந்து வந்த ஒரு கிழவி இருந்தாள். எல்லோரும் அவளை மாஜி என்று கூப்பிடுவார்கள். இவளுக்கு இந்தி அரைகுறை. மாஜிக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. இவள் வெறும் பாத்திரத்தைக் காட்டினாள். மாஜி விரலால் தொட்டுப் பார்த்தாள். சிரித்தாள். "டண்டா ஹை" என்றாள். குளிர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

மாஜி ஒரு பழைய கம்பளி ஸ்வெட்டரைக் கொண்டு வந்தாள். உறை ஊற்றிய பாத்திரத்தை மூடி அதில் சுற்றினாள். பிறகு கோதுமை மாவு வைத்திருக்கும் பெரிய டின்னைத் திறந்தாள். மாவுக்கு நடுவில் குழி செய்து பாத்திரத்தை இறக்கினாள். டின்னை மூடினாள். மாவு சூட்டை வெளியே விடாது. காலையில் தயிர் கத்தியால் வெட்டலாம் போல் நின்றது.

நல்ல கிருமிகள் வளர இதமான சூடு வேண்டும். பால் ஆறிப் போனால் அவை தூங்கிவிடும். பால் கொதித்தால் செத்துவிடும். தயிர் தோய்ப்பதில் நாம் கவனிக்க வேண்டியது இந்தச் சூட்டைத்தான். வடநாட்டில் பனிக்காலத்தில் ரஜாய்க்குள் பாத்திரத்தைச் சுற்றி வைப்பார்கள். வங்காளத்தில் மண் சட்டியில் தோய்ப்பார்கள். மண் சட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தயிர் கெட்டியாக இருக்கும்.

நோயாளிக் குழந்தைக்குத் தோய்ப்பது எப்படி?

நமக்குத் தோய்ப்பதைவிடக் கூடுதல் சுத்தம் வேண்டும். அந்தக் குழந்தையின் குடல் ஏற்கெனவே புண்ணாக இருக்கிறது. இன்னொரு கெட்ட கிருமி போனால் தாங்காது.

முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பாத்திரம், மூடி, கரண்டி மூன்றையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுங்கள். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் எதுவும் சரி. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம். தயிரின் புளிப்பு அதை அரிக்கும்.

அரை லிட்டர் பாலைப் பொங்க விடுங்கள். பொங்கிய பிறகும் அடுப்பைக் குறைத்து ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பாக்கெட் பாலானாலும் காய்ச்ச வேண்டும். ஏடு எடுக்காதீர்கள். இளைத்த குழந்தைக்குக் கொழுப்பு வேண்டும். பாலில் தண்ணீர் கலக்காதீர்கள்.

மூடி வைத்து ஆற விடுங்கள். சூடு சரியா என்று பார்க்க நாம் விரலை விட்டுப் பார்ப்போம். அது வேண்டாம். சுத்தமான கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து மணிக்கட்டில் விடுங்கள். இதமாகச் சுட வேண்டும். பொறுக்க முடியாமல் சுட்டால் இன்னும் ஆறட்டும். சூடே தெரியவில்லை என்றால் ஆறிவிட்டது. திரும்பக் கொஞ்சம் சூடாக்குங்கள்.

இப்போது ஒரு தேக்கரண்டி புதுத் தயிர் போட்டு நன்றாகக் கலக்குங்கள். பனிக்காலத்தில் இரண்டு தேக்கரண்டி. பழைய, வாடை வீசும் மோர் கூடாது. உறை இல்லாதபோது மிளகாய்க் காம்பு போடுவது உண்டு. பெரியவர்களுக்குச் செய்துகொள்ளுங்கள். நோயாளிக் குழந்தைக்கு வேண்டாம். காம்பில் என்ன கிருமி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

மூடி வைத்த பிறகு ஆட்டாதீர்கள். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். வெயில் காலத்தில் 5, 6 மணி நேரத்தில் உறையும். குளிரில் 10, 12 மணி நேரம் ஆகும்.

உறைந்ததும் நாம் எடுத்துவிடுவோம். இந்தக் குழந்தைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் விட்டு வையுங்கள். பால் சர்க்கரை இன்னும் குறையும். கொஞ்சம் புளிக்கும். மேலே தண்ணீர் நின்றால் வடித்து விடுங்கள். அந்தத் தண்ணீரிலும் பால் சர்க்கரை இருக்கிறது. அதிகம் புளிக்க விட்டால் குழந்தை முகத்தைச் சுளித்துத் துப்பிவிடும். அப்புறம் என்ன தோய்த்து என்ன பயன்?

குழந்தைக்குக் கொடுக்கும் முன் நாளைக்கு வேண்டிய உறையைத் தனியாக எடுத்து மூடி வையுங்கள். குழந்தை வாயில் வைத்த கரண்டியைத் திரும்பத் தயிருக்குள் விடாதீர்கள். சிவப்பு, பச்சை, கறுப்புப் புள்ளி தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலே வழித்து எறிந்தால் போதாது. கோடையில் குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்றைய தயிரை அன்றே முடித்துவிடுங்கள்.

எப்படிக் கொடுப்பது?

குழைந்த சோற்றை மசித்துத் தயிர் விட்டுப் பிசையுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். எண்ணெய் சேர்த்தால் கொஞ்சம் சாப்பாட்டிலேயே அதிகச் சக்தி கிடைக்கும். வெந்த பருப்பையும் மசித்துச் சேர்க்கலாம். முதல் நாள் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்குங்கள். ஒத்துக்கொண்டால் கூட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு ஆறு முறை கொடுங்கள்.

மோராகக் கரைத்துக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் மோரில் சத்து எங்கே இருக்கிறது? வயிறு நிறையும். உடம்பு தேறாது. கெட்டித் தயிராகவே கொடுங்கள்.

"தயிர் குளிர்ச்சி. சளி பிடிக்கும்" என்று மாமியார் சொல்லலாம். தயிர் சளியை உண்டாக்காது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கொடுக்காமல் சிறிது நேரம் வெளியே வைத்துக் கொடுங்கள். மாமியாருக்கும் மனம் ஆறும்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்து கொடுக்காதீர்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தயிரே வேண்டாம். அதற்குத் தாய்ப்பால் மட்டும்தான்.

எல்லாக் குழந்தைக்கும் தயிர் மருந்து அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சில குழந்தைகளுக்குப் பாலில் உள்ள புரதமே ஆகாது. பால் பட்டால் தடிப்பு வரும், வாந்தி வரும், சிலருக்கு மூச்சுத் திணறும். அவர்களுக்குத் தயிரும் ஆகாது. பிறவியிலேயே பால் சர்க்கரையை ஏற்காத ஓர் அபூர்வ நோயும் உண்டு. அதற்கும் தயிர் கூடாது. ஆகவே டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே பாலை மாற்றுங்கள்.

குழந்தை எதையும் குடிக்க முடியாமல் கிடந்தால் தயிரை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். கண் குழி விழுந்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும், குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தாலும், குழந்தை துவண்டு கண் திறக்காமல் கிடந்தாலும் அப்படித்தான். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

ஐந்து நாள் கழித்து

டாக்டரம்மா ஐந்து நாள் கழித்து வரச் சொல்லியிருந்தார். அவள் போனாள். போக்கு ஒரு நாளைக்கு எட்டு முறை இருந்தது. இப்போது மூன்று முறைதான். பின்பக்கப் புண் காய்ந்திருந்தது. எடை 6 கிலோ 500 கிராம். நூறு கிராம்தான் கூடியிருந்தது. அவள் முள்ளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"எப்போது பால் கொடுக்கலாம்?" என்று கேட்டாள்.

"அவசரப்படாதே. போக்கு நின்று இரண்டு வாரம் ஆகட்டும். பிறகு இரண்டு கரண்டிப் பாலைக் கஞ்சியில் கலந்து கொடுத்துப் பார். வயிறு உப்பினால் நிறுத்து. ஒன்றும் ஆகவில்லை என்றால் மறுநாள் நாலு கரண்டி. அதுவரைக்கும் தயிர்ச் சோறும் தாய்ப்பாலும். ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகக் கொடு" என்றார் டாக்டரம்மா.

தை மாதக் கடைசியில் அவள் இரண்டு கரண்டிப் பாலைக் கஞ்சியில் கலந்தாள். அன்று பகல் முழுவதும் குழந்தையின் வயிற்றில் காதை வைத்து வைத்துக் கேட்டாள். இரைச்சல் இல்லை. மறுநாள் நாலு கரண்டி கலந்தாள்.